நீண்ட ஆங்கிலச் சொல்லை வாலில் இருந்து படிப்பது எப்படி?

போன வருஷம் ஒரு டிசைன் மீட்டிங். எங்கள் டீமில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பையன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.ஈ. அவன் எழுதிய மாட்யூலை அவனே விளக்கட்டும் என்று நான்தான் அவனை முன்னால் தள்ளிவிட்டேன். பேச ஆரம்பித்து இரண்டு நிமிஷம் இருக்கும். மறுமுனையில் இருந்த அமெரிக்கர் "சாரி, திரும்பச் சொல்ல முடியுமா?" என்றார். பையன் திரும்பச் சொன்னான்: "பாராமீட்டர்." அவருக்குப் புரியவில்லை. இன்னும் சத்தமாக, "பாராமீட்டர்!" அப்போதும் புரியவில்லை. கடைசியில் சாட்டில் டைப் செய்து காட்டினான். "ஓ, பராமிடர்!" என்றார் அவர். நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில்தான் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் அவன் எந்த மீட்டிங்கிலும் வாயைத் திறக்கவில்லை. தவறு எங்கே என்று அவன்தான் கண்டுபிடிப்பான். எனக்குச் சாட்டில் எழுதி அனுப்புவான். நான் அதைப் பேசுவேன். வருஷக் கடைசியில் மதிப்பீடு நடந்தபோது, பேசியவர்களின் பெயர்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. எழுதியவன் பெயர் இல்லை.

ஒருநாள் டீக்கடையில் கேட்டான். "அண்ணா, இதுக்கெல்லாம் ஏதாவது லாஜிக் இருக்கா? இல்ல ஒவ்வொரு வார்த்தையா மனப்பாடம் பண்ணணுமா?"

"பழகப் பழக வந்துடும்" என்றேன். இருபது வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கிடைத்த பதிலும் அதுதான். வீட்டுக்கு வந்து யோசித்தால் வெட்கமாக இருந்தது. கேட்டது ஒரு இன்ஜினியர் கேட்க வேண்டிய கேள்வி. நான் சொன்னது சோம்பேறி பதில்.

லாஜிக் இருக்கிறது. நான் மொழியியல் படித்தவன் இல்லை. ராத்திரியில் உட்கார்ந்து படித்ததையும், நானே சோதித்துப் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அசை

ஒரு சொல்லை மெதுவாகச் சொன்னால் துண்டு துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு உயிரொலி இருக்கும். அந்தத் துண்டுதான் அசை. எண்ண வேண்டியது எழுத்தை அல்ல, உயிரொலியை. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்பதை எழுத ஒன்பது எழுத்து வேண்டும், ஆனால் அது ஒரே அசை. 'ஏரியா' என்பதற்கு நாலே எழுத்து, ஆனால் மூன்று அசை: ஏ-ரி-யா.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது யாப்பில் வரும் அசை இல்லை. யாப்புப்படி 'பலா' ஒரே அசை, நிரையசை. இங்கே அது ப-லா, இரண்டு அசை.

நமக்கு எல்லா அசையும் சமம்

தமிழில் குறில் நெடில் மாறினால் பொருள் மாறும். படம் வேறு, பாடம் வேறு. பல் வேறு, பால் வேறு. ஆனால் எந்த அசையைச் சத்தமாகச் சொல்கிறோம் என்பதால் பொருள் மாறாது. முதல் அசை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் எல்லா அசையையும் தெளிவாகச் சொல்வதுதான் நமக்கு நல்ல உச்சரிப்பு. பள்ளிக்கூடத்தில் அதைத்தானே சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆங்கிலம் அப்படி இல்லை. ஒவ்வொரு சொல்லிலும் ஒரு அசை மேலே எழும். அது சற்று நீளமாக, சத்தமாக, உயர்ந்த சுருதியில் வரும். அதுதான் அழுத்தம். மற்றவை மங்கிப் போகும். மங்கிய அசையில் உயிரொலியே மாறி, 'அ'வுக்கும் 'எ'வுக்கும் நடுவில் ஒரு சோம்பேறி ஒலியாகிவிடும். அதன் பெயர் ஷ்வா. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான், ஆனால் அதற்கென்று ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கிடையாது!

இதைக் கேட்டு நாம் ஆச்சரியப்படத் தேவையில்லை. 'காது', 'பட்டு' என்று சொல்லும்போது கடைசி உகரம் குறுகுகிறது. குற்றியலுகரம் என்று பெயர் வைத்து, அரை மாத்திரை என்று அளவும் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த மாதிரிக் குறுகல் எந்த உயிருக்கும், சொல்லின் எந்த இடத்திலும் நடக்கும். இதுதான் வித்தியாசம்.

சரி, அழுத்தம் தவறினால் என்ன ஆகும்? ஆன் கட்லர், டென்னிஸ் நாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-ல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களின் காது, வலுவான அசை ஒன்று வந்ததும் அங்கே ஒரு புதுச் சொல் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறது. இப்போது 'பாரா-மீட்டர்' என்று சொல்லிப் பாருங்கள். 'மீ'யில் ஒரு அழுத்து அழுத்துகிறோம். அவர் காதில் அது 'பாரா', 'மீட்டர்' என்று இரண்டு சொல்லாக விழுகிறது. ஏதோ ஒரு மீட்டரைத் தேடிக்கொண்டு அவர் மனசு எங்கேயோ போய்விடுகிறது. சத்தமாகச் சொன்னால் இன்னும் தெளிவாகத் தப்பான சொல் கேட்கும்.

2005-ல் ஜான் ஃபீல்ட் என்பவர் இதையே சோதித்தார். அழுத்தம் இடம் மாறினால் கேட்பவர்களுக்குச் சொல் புரிவது குறைகிறது. முக்கியமாக, இருக்க வேண்டிய இடத்திலிருந்து வலது பக்கம் நகர்ந்தால் அதிகம் கெடுகிறது. 'பாராமீட்டர்' அந்த வகைதான்.

ஆக, பையனுடைய பிரச்சினை தமிழ் வாடை இல்லை. அழுத்தம் ஒரு அசை தள்ளி விழுந்தது, அவ்வளவுதான்.

0, 1, 2

கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ஒரு உச்சரிப்பு அகராதியை இலவசமாகத் தருகிறது. 1,30,000-க்கு மேற்பட்ட சொற்கள், அமெரிக்க உச்சரிப்பு. ஒவ்வொரு உயிரொலிக்குப் பின்னாலும் ஒரு எண் போட்டிருப்பார்கள். 1 என்றால் முதன்மை அழுத்தம். 2 என்றால் துணை அழுத்தம், அதாவது கொஞ்சம் எழும், முழுசாக எழாது. 0 என்றால் மங்கிய அசை.

இதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த புரோகிராமர் முழித்துக்கொண்டான். எந்தச் சொல்லையும் ஒரு எண் வரிசையாக எழுதிவிடலாம்!

ப-ரா-மி-டர்: 0100. நாம் சொல்லும் விதத்தை எழுதினால் கிட்டத்தட்ட 1111. கேட்பவருக்கு எது 1 என்றே தெரியவில்லை.

இப்போது ஒரு குடும்பத்தைப் பாருங்கள்.

ஃபோ-ட-க்ராஃப் (புகைப்படம்): 102
ஃப-டா-க்ர-ஃபி (புகைப்படக் கலை): 0100
ஃபோ-ட-க்ரா-ஃபிக் (அது சார்ந்த): 2010

ஒரே வேர்ச்சொல். 1 மட்டும் முதல் அசையில் இருந்து இரண்டாவதுக்குத் தாவி, அப்புறம் மூன்றாவதுக்குத் தாவுகிறது. அது நகரும்போது உயிரொலிகளும் கூடவே மாறுகின்றன. 'டெமக்ராட்' 102, 'டிமாக்ரசி' 0100, 'டெமக்ராடிக்' 2010. அதே மூன்று வரிசை! தற்செயல் இல்லை என்று அங்கேதான் எனக்குப் பட்டது.

இந்த எண் வரிசைகளை இடமிருந்து வலமாகப் பார்த்தால் குழப்பமாகத்தான் இருக்கும். கடைசியில் இருந்து பாருங்கள். 'ஃபி', 'சி' என்று முடிபவை 100-ல் முடிகின்றன. 'இக்' என்று முடிபவை 10-ல் முடிகின்றன. அழுத்தம் எங்கே என்பதைச் சொல்லின் தலை முடிவு செய்வதில்லை. வால்தான் முடிவு செய்கிறது.

வால்கள் நாலு வகை

அகராதியை இறக்கி, சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி, ஒவ்வொரு விகுதியாகச் சோதித்துப் பார்த்தேன். எனக்குப் பயன்பட்ட பிரிவு இதுதான்.

முதல் வகை, 10-ல் முடிபவை. இக், ஷன், ஷியன், ஷியல், ஷஸ் போன்ற விகுதிகள். இவற்றுக்கு முந்தின அசையில் அழுத்தம். 'எகனாமிக்' 2010. 'அல்கரித்மிக்' 2010. 'அத்தென்டிகேஷன்' 02010. எலக்ட்ரிக் 010, எலக்ட்ரிஷியன் 0210. ஆபீசில் ஒரு நாளைக்கு நூறு தடவை வரும் 'ஷன்' சொற்கள் எல்லாம் இந்த ஒரே விதிக்குள் வந்துவிடும்.

இரண்டாம் வகை, 100-ல் முடிபவை. இட்டி, லஜி, க்ரஃபி, க்ரசி, நமி, இக்கல் ஆகியவை. கடைசியில் இருந்து மூன்றாவது அசையில் அழுத்தம். 'டெக்னாலஜி' 0100, 'டெக்னலாஜிக்கல்' 20100. 'எலக்ட்ரிசிட்டி' 02100. 'இகானமி' 0100.

அளக்கும் கருவிகளின் 'மீட்டர்' இந்த வகைதான். தர்மாமிடர், பராமிடர், ஸ்பிடாமிடர், எல்லாமே 0100. ஆனால் அளவின் பெயராக வந்தால் கதை வேறு. மில்லிமீட்டர், சென்டிமீட்டர் இரண்டும் 1020, அங்கே 'மீ' நீண்டே ஒலிக்கும். கிலோமீட்டர்தான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அளவு என்று நினைப்பவர்கள் 1020 என்கிறார்கள், தர்மாமிடரைப் பார்த்துப் பழகியவர்கள் 0100 என்கிறார்கள். ஆங்கிலேயர்களே இன்னும் அதில் சண்டை போடுகிறார்கள்.

மூன்றாம் வகை, 1-ல் முடிபவை. அழுத்தத்தை வாலே பிடுங்கிக்கொள்ளும். இயர், ஈ, ஈஸ். 'வாலன்டியர்' 201, 'ஜாப்பனீஸ்' 201, 'ட்ரெய்னீ' 01. நம்முடைய 'இன்ஜினியர்' 201.

நாலாம் வகை, சாது வால்கள். னெஸ், லெஸ், ஃபுல், லி, மென்ட், அர், இங், ஹுட், ஷிப். இவை ஒட்டினால் அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். நம் தமிழ் விகுதிகள் மாதிரி. 'மரம்' என்பதை மரத்தில், மரத்திலிருந்து, மரத்திலிருந்தும் என்று நீட்டிக்கொண்டே போனாலும் 'மர' அப்படியேதானே கேட்கிறது? அதுபோல 'டிவெலப்' 010. அதோடு எதை ஒட்டினாலும் 'வெ'தான் எழும்: டிவெலப்பர் 0100, டிவெலப்மென்ட் 0100.

இங்கே நிறுத்திச் சிரித்துவிட்டேன். நாம் சொல்வது டெ-வலப்பர், இன்-ஜினியர், இரண்டிலும் முதல் அசையில் அழுத்தம். இருபது வருஷமாக என் விசிட்டிங் கார்டில் இருந்த இரண்டு பதவிப் பெயரையும் நான் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

'அபிள்' என்ற வாலும் பெரும்பாலும் சாதுதான். அதில் 'டேபிள்' எதுவும் கிடையாது! 'கம்ஃபர்டேபிள்', 'வெஜிடேபிள்' என்று நாம் மேஜை போட்டு உட்கார்ந்துவிடுகிறோம். அவர்கள் சொல்வது கம்ஃப்-ட-பிள், வெஜ்-ட-பிள், இரண்டும் 100.

கடைசியாக ஒரு தடுமாறும் வால், 'அல்'. அது தனக்கு முன்னால் இருக்கும் அசையின் எடையைப் பார்க்கும். முந்தின அசையில் நெடில் இருந்தாலோ, குறிலுக்குப் பின் மெய் வந்து அசை மூடினாலோ, அழுத்தம் அங்கேயே. ஹரி-ஸான்-டல் 2010, யூனி-வர்-சல் 2010. வெறும் குறிலாக இருந்தால் அழுத்தம் இன்னும் ஒரு அசை பின்னால் போகும். டி-ஜி-டல் 100, அ-ரி-ஜி-னல் 0100. இது லத்தீன் மொழியின் அழுத்த விதி. லத்தீன் சொற்களோடு சேர்ந்தே ஆங்கிலத்துக்குக் குடியேறிவிட்டது. குறில், நெடில், ஒற்று என்று பள்ளியில் படித்த நமக்கு இது ஆங்கிலேயரைவிடச் சுலபமாகப் புரிய வேண்டும்!

ஏன் இப்படி இரண்டு கூட்டம்?

ஆங்கிலம் இரண்டு வீட்டுச் சொத்து. னெஸ், லெஸ், ஃபுல், ஹுட், ஷிப் எல்லாம் பழைய ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளைகள். 1066-ல் நார்மண்டியில் இருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது. பிற்பாடு அறிஞர்கள் லத்தீனில் இருந்தும் கிரேக்கத்தில் இருந்தும் கூடை கூடையாக எடுத்தார்கள். இட்டி, ஷன், இக், லஜி எல்லாம் அந்த வழியில் வந்தவை. வந்த வால்கள் தங்கள் அழுத்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தன. 'மென்ட்' பிரெஞ்சு வழி வந்ததுதான், ஆனால் சாதுவாக மாறிவிட்டது.

1968-ல் நோம் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் ஆங்கில ஒலியமைப்பு பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதி, இந்த அழுத்தங்களை விதிகளாக எழுதிவிட முடியும் என்று காட்டினார்கள். 1974-ல் டாரத்தி சீகல் தன் ஆய்வேட்டில் இன்னொன்றைச் சொன்னார். அழுத்தத்தை மாற்றும் வால்கள் வேருக்கு அருகில் ஒட்டும், சாது வால்கள் வெளியே ஒட்டும். அதனால்தான் 'ஹோம்லெஸ்னெஸ்' உண்டு, 'ஹோம்லெஸிட்டி' கிடையாது. லெஸ் ஒட்டி ஓர் அடுக்கு மூடிவிட்டால், அதற்கு மேல் இட்டி உள்ளே நுழைய முடியாது. இதற்கும் மீறல்கள் உண்டு. 'டிவெலப்மென்ட்' மேல் 'அல்' ஒட்டி டிவெலப்மென்டல் 02010 என்று அழுத்தத்தை மாற்றிவிடுகிறதே! ஆனாலும் முதல் வரைபடமாக அது நன்றாகவே உதவுகிறது.

அழுத்தம் மாறினால் உயிரும் மாறும்

'டிவைன்', ஆனால் 'டிவினிட்டி'. 'ஸேன்', ஆனால் 'ஸானிட்டி'. 'சரீன்', ஆனால் 'சரெனிட்டி'. அழுத்தம் அதே அசையில்தான் இருக்கிறது, ஆனால் பின்னால் இரண்டு அசை சேர்ந்ததும் நெடில் குறுகிவிடுகிறது. 'நேஷன்' கூட அப்படித்தான். அதில் இருந்து வரும் சொல்லை நாம் 'நேஷனல்' என்கிறோம். அவர்கள் 'நே' என்று நீட்டுவதில்லை. 'மேப்', 'ஆப்பிள்' ஆகிய சொற்களை அவர்கள் சொல்லும்போது ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவில் ஓர் ஒலி வருமே, அதுதான் அங்கே வரும். தமிழ் எழுத்தில் அதற்கு இடம் இல்லை.

இன்னொன்று எங்கள் வேலையில் தினம் வருவது. 'ஏட்' என்று முடியும் சொற்கள். மூன்று அசைக்கு மேல் இருக்கும் வினைச்சொல் பெரும்பாலும் 102-ல் முடியும். 'ஜெனரேட்' 102, 'அத்தென்டிகேட்' 0102. அதே எழுத்துகள் பெயர்ச்சொல்லாக வந்தால் கடைசி 2 மங்கி 0 ஆகிவிடும். 'டூப்ளிகேட் பண்ணு' என்றால் 'கேட்'. 'அது ஒரு டூப்ளிகேட்' என்றால் 'டூப்ளிகட்'. எஸ்டிமேட், டெலிகேட் எல்லாம் அப்படியே. நமக்கு 'சர்டிஃபிகேட்', அவர்களுக்குப் பெயர்ச்சொல்லில் 'சர்டிஃபிகட்', 0100.

வரியை எங்கே ஒடிப்பது?

அச்சுக் கோக்கும்போது வரியின் கடைசியில் இடம் போதாவிட்டால் சொல்லை ஒடிக்க வேண்டும். தமிழில் இது பெரிய விஷயம் இல்லை. அடுத்த வரியின் தலையில் மெய்யெழுத்து வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆங்கிலத்தில் இது ஒரு முனைவர் பட்ட ஆராய்ச்சி! டொனால்ட் நூத்தின் மாணவர் ஃபிராங்க் லியாங், 1983-ல் ஸ்டான்ஃபோர்டில் இதற்காகவே ஒரு ஆய்வேடு எழுதினார். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் இருப்பது அவருடைய முறைதான்.

அவர் 4,447 எழுத்து வடிவங்களை எடுத்தார். ஒவ்வொன்றிலும் எழுத்துகளுக்கு நடுவே எண்கள். ஒற்றைப்படை எண் என்றால் இங்கே ஒடிக்கலாம், இரட்டைப்படை என்றால் ஒடிக்காதே. பல வடிவங்கள் ஒரே இடத்தில் மோதினால் பெரிய எண் ஜெயிக்கும். இந்தச் சின்ன அட்டவணை, ஒரு கையடக்க அகராதியில் உள்ள ஒடிப்பு இடங்களில் 89 சதவீதத்தைக் கண்டுபிடித்தது. தவறான இடத்தில் ஒடிப்பது அநேகமாக இல்லை.

அதற்கும் அடங்காத 14 சொற்களை டெக்கில் தனிப் பட்டியலாக வைத்தார்கள். அந்தப் பட்டியலில் 'ப்ராஜெக்ட்', 'ப்ரெசென்ட்' இரண்டும் பன்மையோடு சேர்த்து நாலு இடம் பிடித்திருக்கின்றன. அவற்றுக்கான கட்டளை, எங்கேயும் ஒடிக்காதே. ஏன்?

ஏனென்றால் அவை பெயராக வந்தால் 10, வினையாக வந்தால் 01. அமெரிக்க அகராதிகள் உச்சரிப்பை வைத்துப் பிரிக்கும். அழுத்தம் விழும் குறில், அடுத்து வரும் மெய்யைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அதனால் பெயர்ச்சொல் 'ப்ராஜ்-எக்ட்' என்று ஒடியும், வினைச்சொல் 'ப்ர-ஜெக்ட்' என்று ஒடியும். எழுத்து ஒன்றே, ஒடியும் இடம் வேறு. வாக்கியத்தைப் படித்துப் புரிந்துகொள்ளாத மென்பொருள் எப்படி முடிவு செய்யும்? தொடாமல் விட்டுவிடு என்று சொல்லிவிட்டார்கள். அழுத்தம் தெரியாமல் அசையைப் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இம்போர்ட், எக்ஸ்போர்ட், ரெக்கார்ட், ஆப்ஜெக்ட், பர்மிட் எல்லாம் இந்த ஜாதிதான். பெயர் 10, வினை 01.

ஐ18என் என்ற சொல்லைப் பிரித்தால்

மென்பொருளைப் பல மொழிகளுக்கு ஏற்றபடி கட்டமைப்பதை நாங்கள் 'ஐ18என்' என்று எழுதுவோம். 'இன்டர்நேஷனலைசேஷன்' என்பதில் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே 18 எழுத்து இருப்பதால் வந்த சுருக்கம். அதையே உள்ளிருந்து வெளியே கட்டிப் பார்க்கலாம்.

நேஷன்: 10
நேஷனல்: 100
இன்டர்நேஷனல்: 20100
இன்டர்நேஷனலைஸ்: 201002
இன்டர்நேஷனலைசேஷன்: 20200010

முதல் நாலு படியிலும் 1 'நே'யிலேயே இருக்கிறது. 'ஷன்' ஒட்டியதும் விதிப்படி 'சே'க்கு ஓடிவிட்டது. பழைய 1 காணாமல் போகவில்லை, 2 ஆகப் பதவி இறங்கி அங்கேயே இருக்கிறது. நீண்ட சொற்களில் துணை அழுத்தம் எங்கே என்று தெரியவில்லையா? வாலைக் கழற்றிவிட்டு, முன்பு 1 எங்கே இருந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயோ அதன் பக்கத்திலோ ஒரு 2 இருக்கும்.

ஆக, செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடைசி விகுதி எது என்று பாருங்கள். 10, 100, 1, இல்லை சாதுவா என்று முடிவு செய்யுங்கள். அந்த ஒரு அசையை நீட்டிச் சொல்லுங்கள். மற்றதை மங்க விடுங்கள். இந்தக் கடைசிப் படிதான் நமக்குக் கஷ்டம். மங்க விட்டால் தப்பாகச் சொல்வது போலவே நமக்குத் தோன்றும்.

விதி தவறும் இடங்களும் உண்டு. 'இக்' விதிக்கு அரபிக் 100, லூனடிக் 100 இரண்டும் அடங்காது. கணக்கைக் குறிக்கும் 'அரித்மெடிக்' பெயராக வந்தால் 0100. 'டெலிவிஷன்' 1020. சில சொற்களில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஆய்வகத்தைக் குறிக்கும் 'லபாரட்டரி' சொல்லுக்குப் பிரிட்டனில் இரண்டாவது அசையில் அழுத்தம், அமெரிக்காவில் முதல் அசையில். விளம்பரம் என்ற சொல்லுக்கு அங்கே 'வர்', இங்கே 'டைஸ்'. ஆனால் விதிவிலக்குகளின் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். விதிக்குள் வரும் சொற்களின் பட்டியல் அடங்காது.

அந்தப் பையனுக்கு இதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவன் உடனே எங்கள் டிசைன் டாக்குமென்ட்டைத் திறந்து, எல்லா நீண்ட சொல்லுக்கும் மேலே 0, 1, 2 போட ஆரம்பித்துவிட்டான். 'ஹையரார்க்கி'யில் தடுமாறினான். 1020, ஆனால் 'ஹையரார்க்கிக்கல்' 20100. "வால் மாறுச்சு, அதான் 1 நகர்ந்திருக்கு, இல்லண்ணா?" என்றான். அதற்கு மேல் நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மீட்டிங்கில் மைக்கை ஆன் செய்தான். பத்து நிமிஷம் பேசினான். ஒரு இடத்தில் பழைய 'பாராமீட்டர்' வாயில் வந்துவிட்டது. நிறுத்தினான். "பராமிடர்" என்று திருத்திச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மாட்யூலின் பேச்சு இப்போது அவனுடையது.

மீட்டிங் முடிந்ததும் டீக்கடைக்குப் போனோம். அவன் அம்மாவுக்குக் காய்ச்சல், பக்கத்து மெடிக்கலில் ஏதோ வாங்க வேண்டும் என்றான். கவுன்டரில் போய் நின்று, "அண்ணே, ஒரு தெர்மாமீட்டர் குடுங்க" என்றான்.

நாலு அசையும் 1. கடைக்காரருக்கு உடனே புரிந்தது.